எலும்பைச் சுட்ட பேராசிரியர்: நானோ கால்சியம் ஆசைக்கு பி.சி.ராய் வாழ்க்கை காட்டும் கணக்கு

வில்லியனூரில் சாயங்காலம் எந்த ஃபாஸ்ட்ஃபுட் வண்டிப் பக்கம் போனாலும் அடுப்புக்குக் கீழே ஒரு பக்கெட் இருக்கும். அதில் உடைத்துப் போட்ட முட்டை ஓடுகள். பாகூர் கொம்யூன் கடலோரத்துக்குப் போனால் கிளிஞ்சலும் மீன் முள்ளும். எல்லாமே குப்பைதான். ஆனால் எல்லாமே கால்சியம். இந்தக் குப்பையிலிருந்து கால்சியம் நானோ துகள் தயாரிக்கலாம், அது எலும்பு சிகிச்சைக்கும் உரத்துக்கும் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் உதவும் என்று ஆய்வுக் கட்டுரைகள் நிறையவே வந்துவிட்டன. படித்ததும் பலருக்கும் அடுத்து வரும் யோசனை ஒன்றுதான்: நாமே ஒரு யூனிட் போட்டால் என்ன?

போடலாம். ஆனா அதற்கு முன்னால், சுமார் 130 வருஷத்துக்கு முன்பு கிட்டத்தட்ட இதே வேலையில் இறங்கிய ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் கையில் எடுத்தது முட்டை ஓடு இல்லை, மாட்டெலும்பு. இடம் கல்கத்தா. பெயர் பிரபுல்ல சந்திர ராய். பாடப் புத்தகத்தில் இந்திய வேதியியலின் தந்தை என்று ஒரு வரியில் கடந்துபோகிறோமே, அவரேதான்.

ராருளி முதல் எடின்பரோ வரை

1861 ஆகஸ்ட் 2. இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் இருக்கும் ராருளி கிராமத்தில் பிறந்தார் ராய். அப்பா ஹரிஷ் சந்திர ராய் ஜமீன்தார். ஆனால் பெருமைக்காக வாழ்ந்த ஜமீன்தார் இல்லை. வீட்டில் நல்ல நூலகம் வைத்திருந்தவர். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தையே 1870-ல் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்.

ஹேர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது 1874-ல் பையனுக்குக் கடுமையான சீதபேதி. பள்ளியை விட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கிட்டத்தட்ட 2 வருஷம் படுக்கையும் புத்தகமும்தான். அப்பாவின் நூலகத்தில் இருந்ததை எல்லாம் வாசித்துத் தள்ளினார். அந்த நோய் விட்ட தடம் கடைசிவரை போகவில்லை. ஆயுசு முழுக்க அளந்து சாப்பிட்டு, நேரம் பார்த்து நடந்து உடம்பைக் காப்பாற்றிக்கொண்டவர் அவர்.

பிறகு வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அறிவியல் வசதி போதாது. அதனால் பிரசிடென்சி கல்லூரிக்கு வெளி மாணவராகப் போய் அலெக்சாண்டர் பெட்லரின் வேதியியல் வகுப்புகளைக் கேட்டார். பெட்லர் மேஜையில் செய்து காட்டிய சோதனைகளில்தான் மனசு விழுந்தது. 1882-ல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை கிடைத்து எடின்பரோ பல்கலைக்கழகம் போனார். 1885-ல் பி.எஸ்சி., 1887-ல் டி.எஸ்சி. குரு அலெக்சாண்டர் கிரம் பிரவுன். நடுவில், இந்தியாவில் நடக்கும் ஆங்கில ஆட்சியைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரையையும் எழுதினார். ஸ்காலர்ஷிப்பில் படிக்கிற பையனுக்குத் தேவையில்லாத வேலைதான். எழுதினார்.

250 ரூபாய் சம்பளம், 700 ரூபாய் முதல்

1888-ல் ஊர் திரும்பியவருக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் வேலை இல்லை. நண்பர் ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கினார். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை. மாதம் 250 ரூபாய். அதே தகுதியோடு இங்கிலாந்திலிருந்து வருபவர்களுக்கு உயர்ந்த பணிநிலை தனியாக இருந்தது. டாக்டர் பட்டம் வாங்கி வந்தாலும் இந்தியர்கள் ஒரு படி கீழேதான்.

சம்பளத்தைவிட அவரை உறுத்தியது வேறு ஒன்று. கல்லூரியிலிருந்து வெளியே வரும் பட்டதாரிகள் எல்லாரும் குமாஸ்தா வேலைக்கு வரிசை கட்டி நின்றார்கள். மருந்துக் கடைகளிலோ எல்லாமே கப்பலில் வந்த சரக்கு. அந்த மருந்துக்கு வேண்டிய மூலப்பொருள் இங்கேயிருந்து போய், பாட்டிலில் அடைத்து, பல மடங்கு விலையோடு திரும்பி வந்தது.

1892-ல் தன் கையில் இருந்த சுமார் 700 ரூபாயைப் போட்டு, அப்பர் சர்குலர் ரோடு 91-ம் எண் வாடகை வீட்டிலேயே பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தை ஆரம்பித்தார். சுதேசி இயக்கம் சூடு பிடித்த 1905-க்கு 13 வருஷம் முன்பே! பகலில் கல்லூரி, சாயங்காலம் வந்தால் வீட்டிலேயே மருந்து தயாரிப்பு.

முதலில் கை வைத்தது எலுமிச்சையில். பழத்திலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. ஆனா கல்கத்தா சந்தையில் எலுமிச்சை விற்ற விலைக்கும் கிடைத்த அளவுக்கும் கட்டுப்படியாகவில்லை. விட்டுவிட்டார். இந்தத் தோல்வியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து அவர் கண்ணில் பட்டது எலும்பு.

மொட்டை மாடியில் எலும்பு மூட்டை

அந்தக் காலத்தில் கல்கத்தாவிலிருந்து டன் கணக்கில் எலும்பு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. அதே எலும்பிலிருந்து செய்த சோடியம் பாஸ்பேட்டும், சூப்பர் பாஸ்பேட்டும் திரும்ப இறக்குமதியாகின. சோடியம் பாஸ்பேட் அன்றைய டாக்டர்கள் சாதாரணமாக எழுதிக்கொடுத்த மருந்து, தேவை இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ராஜாபஜாரில் கறிக்கடைகள். அங்கே எலும்பு மலிவு.

சில மூட்டை பச்சை எலும்பை வாங்கி வந்து மொட்டை மாடியில் பரப்பினார். ஜனவரி மாதம். கல்கத்தாவில் அது நல்ல வறண்ட காலம், ஒரு வாரம் வெயில் பட்டால் காய்ந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. அந்த வருஷம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் விடவில்லை. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகி, புழு வைத்தது. நாற்றத்துக்குக் காக்கை கூட்டம் கூட்டமாக வந்தது. வந்த காக்கை சும்மா போகுமா? ஆளுக்கொரு துண்டைத் தூக்கிக்கொண்டு போய் அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டது.

அக்கம்பக்கம் ஆசாரமான இந்துக் குடும்பங்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் மாட்டெலும்பு! உடனே அப்புறப்படுத்தாவிட்டால் மாநகராட்சி சுகாதார அதிகாரியிடம் புகார் போகும் என்று எச்சரித்தார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. இன்றைக்கு பாகூர்ப் பக்கம் ஒரு தெருவில் யாராவது மாடி நிறைய மீன் முள்ளைக் காயப்போட்டால், வாட்ஸ்அப் குரூப்பில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எலும்பு முழுக்க இரவோடு இரவாக இடம் மாறியது. நகரத்துக்குச் சற்று வெளியே மாணிக்தலாவில் செங்கல் சூளை போடும் இடம் ஒன்று கிடைத்தது. அங்கே குவித்து, ராத்திரியில் தீ வைத்தார்கள். எலும்பு எரிகிற வாடையையும் நெருப்பையும் பார்த்து ரோந்து வந்த போலீஸ்காரருக்கு சந்தேகம். யாரோ கொலை செய்து பிணத்தை எரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நெருப்பைக் கிளறிக் காட்டி, உள்ளே இருப்பது மாட்டெலும்புதான் என்று நம்ப வைக்க வேண்டியிருந்தது. எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கிய பேராசிரியரின் முதல் தொழிற்சாலை அனுபவம் இது.

விடிந்தபோது மிஞ்சியது வெள்ளைச் சாம்பல். அதைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் கால்சியத்தில் ஒரு பகுதி ஜிப்சமாக அடியில் படியும். மேலே நிற்கும் கரைசலில் பாஸ்பேட் இருக்கும். வடிகட்டி எடுத்து, சோடா சேர்த்து, சுண்டக் காய்ச்சி ஆறவைத்தால் சோடியம் பாஸ்பேட் படிகம். கறிக்கடைக் குப்பை மருந்துக்கடைச் சரக்காகிவிட்டது.

இதில் நானோ எங்கே வருகிறது?

ராய் காலத்தில் நானோ என்ற பேச்சே கிடையாது. அவருக்கு வேண்டியது பாஸ்பேட். துகளின் அளவு பற்றி அவர் கவலைப்படவில்லை. ஆனால் அவர் மாடியில் கிடந்த எலும்பு ஏற்கெனவே நானோ பொருள்தான். எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். அது சில நானோமீட்டர் கனமும், சில பத்து நானோமீட்டர் நீளமும் உள்ள மெல்லிய தகடுகளாகப் புரதத்துக்குள் அடுக்கப்பட்டிருக்கிறது. நம் தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். 100-க்குக் கீழே இருப்பதைத்தான் நானோ துகள் என்கிறோம்.

சூளையில் போட்டு எலும்பைக் கடுமையாகச் சுட்டால் அந்தக் குட்டித் தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இணைந்து, பெரிய மணிகளாகிவிடும். அதாவது, இயற்கை கொடுத்த நானோவைத் தீ அழித்துவிடுகிறது. சுட்டு இடித்த பவுடர் எல்லாம் நானோ கால்சியம் என்று பாக்கெட் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது பர்ஸுக்கு நல்லது.

முட்டை ஓட்டில் சுமார் 94 சதவீதம் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலிலும் அதேதான். ஆய்வகங்களில் செய்யும் வழி இது: ஓட்டைக் கழுவி, உள்சவ்வை உரித்து, 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு வெளியேறி கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். நம்ம ஊர் பாஷையில் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். இதுவரைக்கும் கிளிஞ்சல் காளவாய் வைத்திருந்த நம் தாத்தாக்களுக்குத் தெரிந்த வேலைதான். சுண்ணாம்பாறு என்று ஆற்றுக்கே பெயர் வைத்த ஊர் நம்முடையது.

புதுசு என்பது இதற்குப் பிறகுதான். நீறின சுண்ணாம்புக் கரைசலைக் கலக்கிக்கொண்டே பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காரத்தன்மை இறங்காமல் பார்க்க வேண்டும். 3 பங்கு பாஸ்பரஸ் அணுவுக்கு 5 பங்கு கால்சியம் என்ற விகிதம் தவறக்கூடாது. எல்லாம் சரியாக அமைந்தால் வெள்ளையாகத் திரளும் வண்டலில் ஹைட்ராக்ஸிஅபடைட் நானோ துகள்கள் இருக்கும். கழுவி உலர்த்தும்போது மறுபடி கட்டியாகிவிடக் கூடாது என்பது தனிப் போராட்டம். வந்தது நானோதானா என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்கும் கைக்கும் அது வெறும் வெள்ளை மாவு.

இவ்வளவு சிரமம் எதற்கு? துகள் சிறிதாக ஆக, அதே எடைக்கு மேற்பரப்பு பல மடங்காகும். எல்லா வினையும் மேற்பரப்பில்தானே நடக்கிறது. எலும்புக் குறையை அடைக்கும் மருத்துவப் பொருள், தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடைப் பிடித்து வைக்கும் வடிகட்டி, சத்தை மெதுவாக விடும் உரம் என்று உபயோகம் விரிவது இதனால்தான். இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக்கில் நில்வலா கோட்டேகொட குழுவினர் ஹைட்ராக்ஸிஅபடைட் நானோ துகளில் யூரியாவை ஏற்றி, நைட்ரஜனை மெதுவாக விடும் உரம் செய்தார்கள். வழக்கமான யூரியாவில் பாதி அளவு போட்டே நெல் வயலில் நல்ல விளைச்சல் கிடைத்ததை 2017-ல் வெளியிட்டார்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூருக்கு இது வேடிக்கை பார்க்கிற செய்தி இல்லை.

சாம்பலை வாயில் போட்ட வாத்தியார்

வகுப்பில் ராய் ஒரு வேலை செய்வார் என்று அவருடைய மாணவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எலும்புச் சாம்பலை எடுத்து எல்லாரும் பார்க்கத் தன் வாயிலேயே போட்டுக்கொள்வார். எரிந்து முடித்த பிறகு அதில் மாடும் இல்லை, தீட்டும் இல்லை. வெறும் கால்சியம் பாஸ்பேட்தான் என்று காட்டுவதற்காக. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலர் எலும்பைத் தொட்டால் குளிக்க வேண்டிய வீட்டிலிருந்து வந்தவர்கள்.

இது வெறும் வேடிக்கை இல்லை. 1902-லும் 1909-லும் இரண்டு தொகுதிகளாக அவர் எழுதிய இந்து வேதியியல் வரலாற்றில் பழைய ரச நூல்களைத் தேடிப் படித்து, பாதரசத்தையும் உலோகங்களையும் கையாண்ட நம் முன்னோரின் சோதனைத் திறமையை உலகத்துக்குக் காட்டினார். அதே புத்தகத்தில் அந்தத் திறமை ஏன் நின்றுபோனது என்றும் கேட்டார். சாதி அமைப்பு கைவேலையைக் கீழே தள்ளியது, யோசிக்கிறவன் ஒருத்தன் செய்கிறவன் வேறொருத்தன் என்று ஆனது, சோதனை செத்தது என்பதே அவர் கண்ட காரணங்களில் முக்கியமானது. பழம்பெருமை பேசுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. சித்த மருத்துவத்தில் சங்கு பற்பமும் முட்டை ஓட்டுப் பற்பமும் இருப்பது உண்மை. அதனால் அன்றே நானோ தெரியும் என்று சொல்லிவிடுவது அளந்து பார்க்காமல் சொல்வது. ராய் அளந்து பார்க்கச் சொல்லியிருப்பார்.

தீட்டு விஷயம் இன்னும் முடிந்துவிடவில்லை. எலும்புக் கரி ஃபுளோரைடை நன்றாக உறிஞ்சும். ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா போன்ற நாடுகளில் குடிநீர் வடிகட்டியில் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் பலருக்கு அது ஒப்பவில்லை. ஆனால் பாருங்கள், வெற்றிலைக்குத் தடவும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஒரு உயிரின் கூட்டைச் சுட்டு எடுத்ததுதான். அதை யாரும் கேட்பதில்லை! எந்தக் குப்பையை எடுக்கிறோம் என்பது கெமிஸ்ட்ரி முடிவு மட்டும் இல்லை, ஊர் முடிவும்கூட. குப்பையைப் பிரிப்பதும் கழுவுவதும் யார் தலையில் விழுகிறது என்பதும் அதில் சேர்த்தி.

எலுமிச்சைக் கணக்கு

இப்போது அந்த எலுமிச்சைக்கு வருவோம். ஒரு முட்டை ஓடு சுமார் 6 கிராம். 1,000 முட்டைக்கு 6 கிலோ. சுட்டால் ஏறக்குறைய 3.2 கிலோ கால்சியம் ஆக்சைடு, 2.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் போய்விடும். 900 டிகிரி சூட்டுக்கான கரன்ட் பில் வேறு. கிடைத்த 3.2 கிலோவை வெறும் சுண்ணாம்பாக விற்றால், மூட்டை மூட்டையாக வரும் சுண்ணாம்புக்கல் சரக்கோடு போட்டி போட முடியாது. எலுமிச்சையில் ராய்க்கு நடந்ததுதான் நடக்கும்.

எலும்பில் அவர் ஜெயித்ததற்குக் காரணம், மூலப்பொருள் மலிவு. விற்ற பொருள் விலை உயர்ந்த இறக்குமதி மருந்து. இடையில் இருந்த வித்தியாசம்தான் அவருடைய படிப்பு. முட்டை ஓட்டிலும் அதேபோல பல்மருத்துவம், எலும்பு மருத்துவம், ஆய்வக மூலப்பொருள் என்று போனால்தான் கட்டுப்படியாகும். அங்கே போனால் தூய்மைக்குச் சான்று கேட்பார்கள், ஒவ்வொரு பேட்சும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். ராய்க்கும் இதே பிரச்னைதான். உள்ளூர் மருந்துக் கடைக்காரர்கள் சுதேசிச் சரக்கை நம்பவில்லை. பிரிட்டிஷ் மருந்து நூல் சொன்ன தரத்துக்கு அப்படியே செய்து காட்டி, டாக்டர் நண்பர்களை எழுத வைத்துத்தான் அலமாரியில் இடம் பிடித்தார்.

அந்த நண்பர்களில் முக்கியமானவர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். 1898-ல் பிளேக் அவரைக் கொண்டுபோனது. இன்னொரு கூட்டாளி சதீஷ் சந்திர சின்ஹா, இளம் வேதியியல் பட்டதாரி. ஆய்வகத்தில் ஹைட்ரோசயனிக் அமில விஷம் பட்டு இறந்தார். வாடகை வீட்டில் மருந்துத் தொழிற்சாலை என்று கேட்க சுவாரசியமாக இருக்கிறது. விலை அப்படி இருந்தது. முட்டை ஓடு அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்றாலும், சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போகலாம். நுண்தூளை மாஸ்க் இல்லாமல் சுவாசிக்கக் கூடாது. ஏற்கெனவே தொழிற்பேட்டை இருக்கும் சேதராப்பட்டு போன்ற இடம் இதற்கு வீட்டு மாடியைவிட நிச்சயம் மேல்.

கடைசிவரை ஒரே அறை

1901-ல் பெங்கால் கெமிக்கல் லிமிடெட் கம்பெனியானது. வாடகை வீட்டை விட்டுப் பெரிய தொழிற்சாலைக்கு இடம் தேடியபோது அமைந்தது மாணிக்தலா. ராத்திரியில் எலும்பு எரிந்த அதே பகுதி. இடையில் 1896-ல் மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற சேர்மத்தைப் பற்றி ராய் வெளியிட்ட ஆய்வு அவரை உலக வேதியியலாளர்கள் வரிசையில் வைத்தது. 1916-ல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு பெற்று கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு வந்தார். மேக்நாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ், ஞானசந்திர கோஷ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். 1924-ல் இந்திய வேதியியல் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். 1922-ல் வட வங்காளம் வெள்ளத்தில் மூழ்கியபோது ஆய்வகத்தை விட்டு இறங்கி நிவாரண வேலையை நடத்தினார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக் கட்டடத்திலேயே ஒரு அறையில், மாணவர்கள் கூட இருக்க, கதர் உடுத்தி வாழ்ந்தார். 1921-ல் 60 வயதானபோது, அதற்கு மேல் வரும் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மேலும் 15 வருஷம் பாடம் நடத்தினார். 1944 ஜூன் 16-ல் அந்த அறையிலேயே காலமானார்.

கம்பெனி பிறகு நொடித்து, 1980-ல் அரசுடைமையானது. 2020-ல் கொரோனா வந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைக்கு நாடே அலைந்தபோது, பொதுத்துறையில் குளோரோகுயின் தயாரித்த அனுபவம் உள்ள நிறுவனம் என்று பெங்கால் கெமிக்கல்ஸ் பெயர் மறுபடி செய்தியில் அடிபட்டது.